வல்லரசுகளிடையே சந்து செய்வோர் யார்?

அரசியல் நிகழ்ச்சிகளை ஆராய்தல் தமிழ் படித்தோரின் துறையன்று எனக் கருதுவார் நம்மிடையே உளர். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்போன், இந்தியாவும் சீனாவும் இமயத்தின் உச்சியில் எவ்வாறு எதிர்நிற்கின்றன என்று கேட்பது எதன்பொருட்டு என்பது அவர் வினா. சங்கத் தொகைகளைப் பயின்றோர் இவ்வினாவை எழுப்பார். முரண்பட்ட வேந்தர் இருவரிடையே அஞ்சாது நடந்து, இருவரையும் நேர்நின்று இடித்துரைத்தவர்கள் புலவர்களே. திருவள்ளுவரும் பொருட்பாலில் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பகைத்தோரைப் பொருந்தச் செய்தலைப் பழந்தமிழர் ‘சந்து செய்தல்’ என்றனர். இன்று சந்து என்று சொன்னால் மாணவர்க்கு ஒடுங்கிய தெருவே நினைவுக்கு வருகின்றது. சொல்லின் பழம்பொருள் மறைந்ததுபோல அச்செயலும் உலகில் அருகிவிட்டதோ என்னும் ஐயமே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

சோழர் குடியிற் பிறந்த நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டையை அடைத்து உள்ளிருந்தான். அதே குடியிற் பிறந்த நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டு நின்றான். அவ்வேளையிற் கோவூர் கிழார் இருவர்க்கும் உரைத்த செய்யுளொன்று புறநானூற்றில் உண்டு. இருவரும் சூடியது ஆத்தி மாலையே. எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்பதே அவருரையின் சாரம். உறையூர் யார்க்கு உரியது என்ற வழக்கினுள் அப்புலவர் புகவேயில்லை என்பதை வாசகர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். வழக்கைத் தீர்ப்பவன் நடுவன். வழக்குத் தீருமுன் வாளை உறையில் இடச்செய்பவனே சந்து செய்வோன். இவ்விரண்டும் வெவ்வேறு தொழில்கள். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே இந்நூற்றாண்டின் ஆசியப் பகையொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

கண்டி கற்ற பாடம்

பெருநாடுகளின் பகையால் சிறுநாடு எவ்வாறு அலைப்புண்ணும் என்பதைக் கண்டியில் வாழ்வோர் தொலைவிற் சென்று கற்கவேண்டியதில்லை. கரையோரத்தைப் போர்த்துக்கேயர் பற்றியிருந்த காலத்தில், அவர்களை ஓட்டுவதற்கு இரண்டாம் இராசசிங்க மன்னன் ஒல்லாந்தரின் துணையை நாடினான். 1638ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுடன் உடன்படிக்கை செய்துகொண்டான். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது மன்னனின் விருப்பத்தைப் பொறுத்தது என்பது அரசன் கொண்ட பொருள். ஒல்லாந்தர் அவ்வாறு கொள்ளவில்லை. 1640இல் காலிக் கோட்டை வீழ்ந்தபோது அதனைத் தாமே வைத்துக்கொண்டனர். 1656இல் கொழும்பு வீழ்ந்தபோதும் கோட்டைக் கதவம் மன்னனுக்குத் திறக்கப்படவில்லை. போர்ச்செலவைத் தீர்த்தால் தருவோம் என்பது அவர்கள் சொன்ன மறுமொழி. ‘இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல’ என்று சிங்கள மக்கள் இன்றும் வழங்கும் பழமொழி இந்நிகழ்ச்சியைச் சுட்டுவதே.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். அதே ஆண்டு ஆகத்தில் பிரெஞ்சுக் கடற்படை அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தது. அப்போரின் மூலம் எங்கே? அத்திலாந்திக்கின் மறுகரையில், அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்துக்கு எதிராகக் கிளர்ந்த இடத்தில். திருகோணமலையில் வலை வீசிய மீனவனுக்கு அப்போரோடு யாதொரு தொடர்புமில்லை. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், கண்டி அரண்மனை மண்டபத்தில் இம்மலைநாட்டு அரசே ஆங்கில முடிக்கு உரியதாயிற்று. 1944இல் பேராதனைத் தாவரப் பூங்காவின் நிழல் மரங்களிடையே மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தை அமைத்தார். உலகப் பெரும்போரின் ஒரு பகுதி நம் மகாவலிக் கரையிலிருந்து நடத்தப்பட்டது.

இவற்றால் பெறப்படும் பாடங்கள் இரண்டு. ஒரு வல்லரசை விரட்ட மற்றொரு வல்லரசை அழைப்பவன் தன் வீட்டுக்கு உரியவனாக எஞ்சுவதில்லை. எங்கோ மூண்ட பகை நம் துறைமுகத்தில் வந்து தீரும். ஆகவே, வல்லரசுகள் ஒன்றோடொன்று பேசும் நிலையில் இருத்தல் சிறுநாடுகளின் பாதுகாப்புக்கு அடிப்படையாகும். இது அறவுரை மட்டுமன்று; நம் தன்னலமும் அதுவே.

ஆறு நாடுகளின் தூது

1962ஆம் ஆண்டு ஒற்றோபர் 20ஆம் நாள் இமய எல்லையில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. ஒரு திங்களுக்குப் பின், நவம்பர் 21ஆம் நாள், சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. குண்டுகள் ஓய்ந்தனவேயன்றிப் பகை ஓயவில்லை. அவ்வேளையில் இலங்கைப் பிரதமராக இருந்தவர் கண்டிப் பிரதானிகளின் குடியில் வந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்கள். அவ்வம்மையார் திசெம்பர் 10ஆம் நாள் தொடங்கிக் கொழும்பில் மாநாடொன்றைக் கூட்டினார். இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, எகிப்து, கானா என அணிசேரா நாடுகள் ஆறு அதிற் கலந்துகொண்டன. மூன்று நாட்களில் அவை ஒருமித்து வகுத்தவையே ‘கொழும்பு யோசனைகள்’ எனப் பெயர்பெற்றன.

அவற்றின் நடுப்பொருள் மிக எளியது. இலடாக்கை உள்ளிட்ட மேற்குப் பகுதியில், சீனா தானே முன்னர்ச் சொன்னபடி, தன் படைநிலைகளை இருபது கிலோமீற்றர் பின்னிழுக்க வேண்டும். இந்தியப் படை தான் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இடையே வெறுமையாகும் நிலம் படையற்ற பகுதியாகி, இரு தரத்தாரும் ஒப்பும் குடியியற் காவலிடங்களால் ஆளப்பட வேண்டும். அந்நிலத்தின்மீது எவர்க்கு என்ன உரிமை என்பது இதனாற் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. கோவூர் கிழார் உறையூரின் உரிமை வழக்கினுட் புகாததுபோலவே, ஆறு நாடுகளும் எல்லைக்கோடு எங்கே ஓடுகின்றது என்று தீர்ப்புரைக்கவில்லை. ஒருவரையொருவர் தொடாத தொலைவில் நின்று பேசுங்கள் என்று மட்டுமே கூறின.

யோசனைகளை எடுத்துக்கொண்டு அம்மையார் தாமே புறப்பட்டார். ஆண்டு மாறும் வேளையிற் பீக்கிங்குக்குச் சென்றார். 1963 சனவரியில் டில்லிக்குச் சென்றார். எகிப்தின் அலி சப்ரியும் கானாவின் ஒபோரி அட்டாவும் டில்லியில் உடனிருந்து யோசனைகளுக்கு விளக்கமளித்தனர். அவ்விளக்கத்தோடு இந்தியா முழுமையாக ஏற்றது. சீனா கொள்கையளவில் ஏற்றுத் தனக்கென இரு வேறு விளக்கங்களை முன்வைத்தது. முழுமையாக ஏற்றாலன்றிப் பேசோம் என்றது டில்லி. பேசிக்கொண்டே தீர்ப்போம் என்றது பீக்கிங். இந்த இடத்திலேயே யோசனைகள் நின்றுவிட்டன. இரு தலைநகரங்களிலும் மீண்டும் தூதுவர்கள் அமர 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இம்முயற்சி தோற்றதென்று எழுதுவோர் பலர். நெடுங்கிள்ளியும் கோவூர் கிழாரின் உரையைக் கேட்டுப் போரைக் கைவிட்டானென்று சொல்லச் சான்றில்லை. காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி என்று அவன் பெயர் பெற்றமையை நோக்கின், பகை அத்துடன் அடங்கவில்லை என்றே கொள்ளலாகும். எனினும் அவ்வுரை கேட்டவர்களை விட நெடிது வாழ்ந்தது. கொழும்பு யோசனைகளுக்கும் அவ்வாறே நேர்ந்தது என்பது என் துணிபு.

மீண்டும் வந்த வடிவம்

1988 திசெம்பரில் இந்தியப் பிரதமர் இராசீவ் காந்தி பீஜிங் சென்றார். எல்லை வழக்குத் தீர்ந்தபின்னரே ஏனைய உறவுகள் என்ற பிடிவாதம் அன்று தளர்ந்தது. 1993 செத்தெம்பரில், நடைமுறைக் கட்டுப்பாட்டுக் கோட்டின் நெடுகிலும் அமைதி காப்பதென இரு நாடுகளும் உடன்பட்டன. 1996 நவம்பரில் செய்த மற்றோர் உடன்படிக்கையின்படி, அக்கோட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் துப்பாக்கி சுடுவதும் வெடி வெடிப்பதும் விலக்கப்பட்டன. உரிமை வழக்கைத் தீர்க்காது, மோதலுக்கு இடந்தராத தொலைவை வகுக்கும் முறையே இதுவும்.

அம்முறைக்கும் ஓர் எல்லை உண்டென்பதை 2020ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் இரவு காட்டியது. கல்வான் பள்ளத்தாக்கில் இரு படையினரும் கற்களாலும் தடிகளாலும் மோதினர். இந்திய வீரர் இருபதின்மர் மாண்டனர். தம் பக்கத்தில் நால்வர் இறந்தனரெனச் சீனா பின்னர் அறிவித்தது. அணுப்படைக்கலம் உடைய இரு பெருநாடுகளின் வீரர்கள் தடியெடுத்துப் பொருததை எள்ளி நகையாடியோர் உண்டு. எனக்கு அது வேறு விதமாகத் தோன்றுகின்றது. கால் நூற்றாண்டுக்கு முன் எழுதிய ஓர் உடன்படிக்கை, சினத்தால் மதியிழந்த அவ்விரவிலும் துப்பாக்கியின் விசையிலிருந்து விரலை விலக்கி வைத்தது. அது முழு வெற்றியன்று. இருபது தாய்மாருக்கு அது யாதொரு ஆறுதலுமன்று. ஆயினும் அது இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அதன்பின் நடந்தது யாது? கல்வானிலும் பாங்கொங் ஏரிக்கரையிலும் பிறவிடங்களிலும் இரு படைகளும் படிப்படியாகப் பின்வாங்கி, இடையே எவரும் சுற்றுக்காவல் செல்லாத நிலத்தை விட்டன. ஆறு நாடுகள் 1962இற் சொன்ன வெறுநிலம், ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, எவரும் அப்பெயர் சொல்லாமலே இமயத்தில் வந்து அமர்ந்தது. 2024 ஒற்றோபரில் எஞ்சிய இடங்களின் சுற்றுக்காவல் பற்றி இணக்கம் உண்டாயிற்று. அத்திங்கள் 23ஆம் நாள் ருசியாவின் கசான் நகரில் இரு நாட்டுத் தலைவர்களும் அமர்ந்து பேசினர். 2025இல் கயிலை யாத்திரை ஐந்தாண்டுத் தடைக்குப் பின் தொடங்கியது. அதே ஆண்டில் நேர் விமானப் போக்குவரத்தும் மீண்டது. எல்லைக்கோடு இன்றும் தீராத வழக்கே. முதலிற் படை விலகல், பின்பு தலைவர் சந்திப்பு, அதன்பின் யாத்திரிகரும் வணிகரும் என்னும் இவ்வரிசையை மட்டும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுதல் நன்று. உறவு கெட்ட நாடுகள் தேறும் வழி பெரும்பாலும் இதுவே.

கடன் கொடுத்த இருவரின் நடுவே

இனி நம் தீவின் நிலையை நோக்குவோம். 1962இல் இலங்கைச் சொல் இரு தலைநகரங்களிலும் ஏறியதற்குக் காரணம் அதன் படைவலியன்று. 1952இற் சீனாவோடு அரிசி–இறப்பர் உடன்படிக்கை செய்து அமெரிக்காவின் சினத்துக்கு ஆளாகியும் தளராத நாடு என்ற பெயர் அதற்கு இருந்தது. இரு தரத்தாரிடமும் நட்புண்டு. எவரிடமும் பெருங்கடன் இல்லை. 1971 திசெம்பரில் இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரகடனம் செய்தபோதும் அதற்கு முன்னின்றது இலங்கையே.

இன்றோ நிலை வேறு. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனமொன்றின் கைக்குச் சென்றது. 2022 ஆகத்தில் ‘யுவான் வாங் 5’ என்னும் சீனக் கப்பல் அங்கு வந்தது. ஆராய்ச்சிக் கப்பல் என்றது சீனா. ஒற்றுக் கப்பல் என்று ஐயுற்றது இந்தியா. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றனென்று கருதி நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டபோது, கோவூர் கிழாரே இடைபுகுந்து காத்தார் என்று புறநானூற்றுக் குறிப்புக் கூறும். அப்புலவனை நன்கறிந்த ஒருவர் அங்கிருந்தார். அவர் சொல்லை நெடுங்கிள்ளியும் நம்பினான். கப்பலைப் பற்றி இரு தரத்தாரும் நம்பத்தக்க சொல்லொன்றைச் சொல்லும் நிலையில் இலங்கை அன்று இருக்கவில்லை. முதலில் வரவேண்டாம் என்றது. பின்பு வரலாம் என்றது.

அவ்வாண்டின் துன்பத்தைக் கண்டி மக்கள் மறந்திரார். எரிவாயுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றுவிட்டு, உறங்கா விழிகளோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகளை யான் அறிவேன். சர்வதேச நாணய நிதியத்தின் உதவி 2022 செத்தெம்பரில் அலுவலர் மட்டத்தில் இணங்கப்பட்டது. ஆயினும் கடன் கொடுத்தோரின் உறுதிமொழி வேண்டியிருந்தது. இந்தியா 2023 சனவரியில் உறுதியளித்தது. சீனாவின் போதிய உறுதி மார்ச்சிலேயே வந்தது. நிதியத்தின் ஒப்புதல் அத்திங்கள் 20ஆம் நாள் கிடைத்தது. இந்தியா, யப்பான், பிரான்சு ஆகியவை தலைமைதாங்கிய குழுவில் சீனா அமரவில்லை. ஒரே நாட்டின் கடனுக்காகப் பாரிசில் ஒரு மேசையும் பீஜிங்கில் ஒரு மேசையும் இடப்பட்டன. இறுதி உடன்பாடுகள் 2024 சூன் 26ஆம் நாளே ஒப்பமாயின. வல்லரசுகள் ஒரே மேசையில் அமராமையால் விளைந்த தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் வரிசையில் நின்ற ஏழைகளே.

வேறொரு காட்சியையும் சொல்லாது விடுதல் முறையன்று. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலால் மலைகள் சரிந்து கண்டி மாவட்டம் பேரிழப்பை எய்தியது. அவ்வேளையில் இந்தியாவும் சீனாவும் ஐக்கிய அமெரிக்காவும் உதவி அனுப்பின. மண்ணிற் புதைந்தோரைத் தேடும் இடத்தில் எவர் கொடி முதலில் வந்தது என்று எவரும் வழக்காடவில்லை. பகைநாடுகள் கூடித் தொழில் செய்தற்கு ஏற்ற துறைகள் உண்டென்பதற்கு இது சான்று.

தன் வீட்டு வழக்கு

சந்து செய்வோனின் தகுதியைப் பற்றி ஆராயும்போது, மலையகத்தில் வாழ்வோன் மறைக்கமுடியாத உண்மையொன்றுண்டு. இமயத்து வழக்கில் இரு தரத்தாரையும் கேட்டுப் பேசிய அதே அரசு, 1964 ஒற்றோபர் 30ஆம் நாள் டில்லியில் சாத்திரி அவர்களோடு மற்றோர் ஒப்பந்தம் செய்தது. இந்திய வம்சாவளியினரான தோட்டத் தொழிலாளர் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் வழக்குப் பிறகு. எண்ணிக்கை பகுக்கப்பட்ட அம்மக்களின் கருத்து வினவப்படவில்லை. சீனப் போரின் பின் அயல்நாடுகளின் நட்பை இந்தியா வேண்டி நின்றமையும் இதற்கு ஒரு காரணமென வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர். அவ்வாறாயின், இமயத்தில் விழுந்த குண்டின் அதிர்வு தேயிலைத் தோட்டத்து லயன் அறை வரை வந்தது எனலாம். என் இளமைப் பள்ளிக்கூடத்தில் முந்திய நாள் அருகிருந்த பிள்ளை மறுநாள் இல்லாமற் போவதைக் கண்டிருக்கிறேன். ‘இந்தியாவுக்குப் போய்விட்டான்’ என்பதற்கு மேல் எவரும் விளக்கம் சொல்லவில்லை. நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

அம்மையாரின் கொழும்புப் பணியைச் சிறுமைப்படுத்த இதனைக் கூறவில்லை. இரு தரத்தாரையும் கேட்டுப் பேசுதல் என்னும் அறம் அயல்நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. அதனைத் தன் குடிகளிடத்தும் காக்கும் நாட்டின் தூதுக்கே நிறைந்த மதிப்புண்டு என்பதற்காகவே கூறினேன்.

இன்றைய இலங்கை 1962இன் இடத்தை மீண்டும் பெறமுடியுமா? எளிதன்று, ஆயினும் வழியுண்டு. 2024ஆம் ஆண்டு முழுவதும் எந்த நாட்டின் ஆராய்ச்சிக் கப்பலுக்கும் இடமில்லை என்று அரசு விதித்தது. ஆளுக்கொரு நீதி என்றில்லாது எல்லார்க்கும் ஒரே விதி என்பதனால் அது நல்ல தொடக்கம். அவ்விதியைக் காலவரையறையற்ற சட்டமாக எழுதி, எவ்வகைக் கப்பல் எந்நிபந்தனையில் வரலாமென்று முன்கூட்டியே உலகறியச் சொல்லிவிட்டால், ஒவ்வொரு கப்பலும் ஒரு சோதனையாகாது. 1962இன் அணிசேரா நாடுகளைப் போல, கடலாற் சூழப்பட்ட ஏனைய சிறுநாடுகளையும் உடனழைத்து இதனைச் செய்தல் வேண்டும்; தனியொருவனின் சொல்லைப் புறந்தள்ளுதல் வல்லார்க்கு எளிது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வரலாற்றுப் பாடத்தில் 1815ஐயும் 1948ஐயும் மனப்பாடமாகச் சொல்லும் நம் மாணவர்க்கு, 1962 திசெம்பரிற் கொழும்பில் நடந்த அம்மூன்று நாட்களைப் பற்றிச் சொல்வோர் அரியர். புறநானூற்றின் துறை விளக்கத்தில் ‘துணைவஞ்சி’ என்று கரும்பலகையில் எழுதும் அன்று, அதனருகே இருபது கிலோமீற்றர் என்றும் எழுதிக் காட்டுங்கள். உறையூர்க் கோட்டை வாயிலும் இலடாக்கின் பனிநிலமும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.